பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்காதீர்கள்: மேல்நிலைப் பள்ளியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான்தான் கவுன்சலிங் அக்கா. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே மார்க் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் சனி, ஞாயிறு கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் புது முகங்கள்தான் வருகின்றன, ஆனால் தவறுகள் மட்டும் எங்கள் செட் செய்த அதே தவறுகள். “ப்ளஸ் ஒன் சேர்ந்தப்பவே இதை யாராவது சொல்லியிருக்கலாம்” என்று கல்லூரி விடுதியில் நாங்கள் பேசிப் பேசி மாய்ந்துபோன விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போனை ஓரமாக வை, விடியற்காலையில் எழுந்து படி என்பதையெல்லாம் உங்களுக்கு வீட்டிலும் பள்ளியிலும் சொல்லியாயிற்று. அதை விட்டுவிடுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பை ஓய்வு வருடம் என்று நினைப்பது

இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது. “பத்தாவதுக்குக் கஷ்டப்பட்டாச்சு, லெவன்த்துல கொஞ்சம் ரிலாக்ஸா இரு, ட்வெல்த்துல பிடிச்சுக்கலாம்.” சித்தப்பா சொல்வார், டியூஷன் சார் சொல்வார், சில பள்ளிகளே சொல்லும்.

அவர்கள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கின் கட்‌ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு மார்க் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைத்து 50, 50. பதினொன்றாம் வகுப்பு மார்க் இதில் ஒரு புள்ளிகூடச் சேராது. சேராததை எதற்குப் படிக்க வேண்டும் என்று நிறையப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்தி, பாதி வருடத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுக்கிற பள்ளிகள் பெருகின. 2018 மார்ச்சில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது அந்தப் பயத்திலாவது புத்தகத்தைத் திறந்தார்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வும் இல்லை. தேர்வுப் பாரம் குறைந்தது பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் பாடத்தைத் தாண்டிக் குதிக்கிற பழைய பழக்கம் மறுபடியும் தலையெடுக்கிறது, அதை நான் கண்ணெதிரே பார்க்கிறேன்.

கணக்குப் புத்தகங்களின் பொருளடக்கத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினொன்றில் 12 அத்தியாயம், பன்னிரண்டில் 12. முக்கோணவியல், எல்லைகள், வகையிடல் முறைகள், தொகை நுண்கணிதம் எல்லாம் பதினொன்றில் இருக்கின்றன. பன்னிரண்டில் வருவது வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், அப்புறம் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். தலைப்பிலேயே ‘பயன்பாடுகள்’ என்று போட்டிருக்கிறார்கள். தொகையிடத் தெரிந்த பிள்ளைதான் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குகிறது.

போன வருடம் ஒரு தங்கச்சி வந்தாள். அரையாண்டில் கணக்கில் நல்ல மார்க், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வகைக்கெழுச் சமன்பாட்டில் மாறிகளைப் பிரிக்கிற கணக்கு ஒன்று கொடுத்தேன். முதல் இரண்டு வரி சரசரவென்று வந்தது. மூன்றாவது வரியில் எக்ஸ் காஸ் எக்ஸைத் தொகையிட வேண்டும். கொஞ்சமும் யோசிக்காமல் எக்ஸ் சைன் எக்ஸ் பிளஸ் காஸ் எக்ஸ் என்று எழுதி, பிளஸ் சி-யும் போட்டாள். விடை சரி. “இது எப்படி வந்தது?” என்று கேட்டேன். “புக்குல அப்படித்தான்க்கா இருக்கு” என்றாள்.

கேள்வியில் காஸை அடித்துவிட்டு சைன் என்று எழுதிக் கொடுத்தேன். பேனா அப்படியே நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து எக்ஸ் காஸ் எக்ஸ் பிளஸ் சைன் எக்ஸ் என்று எழுதினாள். முதல் உறுப்புக்கு முன்னால் மைனஸ் வர வேண்டும், அது இல்லை. முந்தைய விடையில் சைனையும் காஸையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். இதற்கான வழி பகுதித் தொகையிடல். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த அத்தியாயத்தை அவளுக்கு யாரும் நடத்தவே இல்லை. அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டாள், மைனஸ் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே திருப்பிச் சொன்னாள். இவ்வளவு சூட்டிகையான பெண்ணை மனப்பாடம் செய்ய வைத்து ஒரு வருடத்தை வீணடித்திருக்கிறார்களே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

பொதுத்தேர்வில் மனப்பாடம் ஓரளவு கரையேற்றிவிடும். அடி விழுவது அதற்குப் பிறகு, கல்லூரியின் முதல் செமஸ்டரில். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளுக்குப் பெயர் அணிகளும் நுண்கணிதமும். ஐந்து யூனிட்டில் அணிகள் ஒன்று போக மீதி நான்கும் வகையிடலும் தொகையிடலும்தான். தொகையிடல் யூனிட்டை நடத்த வருகிற பேராசிரியர் அடிப்படையிலிருந்து ஆரம்பிக்க மாட்டார். அது பள்ளியிலேயே முடிந்திருக்கும் என்று நம்பி நேரே உள்ளே போய்விடுவார். அடுத்த யூனிட்டில் இரட்டைத் தொகையிடல், மும்மடித் தொகையிடல் வந்து நிற்கும். பிளஸ் டூவில் கணக்கில் 95-க்கு மேல் வாங்கியவர்கள் எம் ஒன் என்கிற இந்த முதல் செமஸ்டர் கணக்குத் தாளில் அரியர் வைத்ததை எங்கள் வகுப்பிலேயே பார்த்தோம். ஊரில் கணக்குப் புலி என்று பேர் எடுத்த ஒருவன், அந்த ரிசல்ட் வந்த பிறகு தீபாவளி, பொங்கலுக்குக்கூட வீட்டுக்குப் போகக் கூச்சப்பட்டான்.

அரியர் என்றால் திரும்பப் பணம் கட்டி எழுதினால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த செமஸ்டர் பாடங்களோடு சேர்த்து இதையும் சுமக்க வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற கம்பெனிகளில் பல, நிலுவையில் அரியர் இருப்பவர்களை உள்ளேயே விடுவதில்லை. நீட், ஜேஇஇ எழுதுகிறவர்களுக்கு இதைவிட நேரடியான அடி. அந்தத் தேர்வுகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமும் சேர்ந்தேதான் வரும்.

இப்போது பதினொன்றில் இருப்பவர்கள் முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் மூன்றையும் பள்ளியில் விட்டாலும் நீங்கள் விடாதீர்கள். ஒவ்வொரு கணக்கிலும் ஒரு குறியையோ எண்ணையோ மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாற்றியும் விடை வந்தால் உங்களுக்குப் பாடம் தெரியும். ஏற்கெனவே பன்னிரண்டுக்கு வந்துவிட்டவர்கள் பழைய கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பொதுத்தேர்வு முடிந்து கல்லூரி திறக்கிற வரை சில மாதங்கள் கையில் இருக்கும். அந்த மூன்றையும் அப்போது உட்கார்ந்து முடித்துவிடலாம்.

புளூபிரிண்ட் பார்த்துப் பாடத்தை விடுவது

எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க்குக்குக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்கிற புளூபிரிண்ட் முறையை அரசு எப்போதோ எடுத்துவிட்டது. எதையும் விடாதீர்கள்.

சான்றிதழுக்கு ஜூனில் அலைவது

பொறியியல் விண்ணப்பம் மே மாதம் திறந்து ஜூனில் மூடிவிடும். அந்தச் சமயத்தில்தான் ஊரே இ-சேவை மையத்தில் நிற்கும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு மனு போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று படியேறி தாலுகா ஆபீசுக்குப் போய்த்தான் வர வேண்டும். அப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, டி.சி.யில் இன்னொரு மாதிரி இருந்தால் மனு திரும்பி வரும். அதைச் சரிசெய்ய அப்பா தறிக்கு ஒரு நாள் லீவு போட வேண்டும், அம்மா ஷூ கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போட வேண்டும். இரண்டு கூலியும் போகும். பன்னிரண்டாம் வகுப்பு காலாண்டு விடுமுறையிலேயே எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் அப்போதே வாங்கி வைக்கலாம். அண்ணனோ அக்காவோ முதல் பட்டதாரிச் சலுகையை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் உங்களுக்குக் கிடையாது. அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் அதிகம் நடக்கிற குழப்பம் இன்னொன்று. அரசுப் பள்ளி வேறு, அரசு உதவி பெறும் பள்ளி வேறு. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை முழுக்க மிஷன் பள்ளிகளும் பழைய உதவி பெறும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே சம்பளம் கட்டாமல் படித்ததால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு என்று பெற்றோர் நம்பி வருகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். எட்டாவது வரை உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்த தம்பி ஒருவனிடம் இதைச் சொன்னபோது அவன் அம்மா முகம் மாறியதை மறக்க முடியவில்லை. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. உங்களுக்கு உண்டா இல்லையா என்று ஹெச்.எம்.மிடம் பதினொன்றிலேயே கேட்டு வையுங்கள்.

ஏஜென்ட்டிடம் அட்வான்ஸ் கொடுப்பது

கடைசிப் பரீட்சை எழுதி முடித்த வாரமே போன் வரும். “சீட் ரெண்டே ரெண்டுதான் இருக்கு, பத்தாயிரம் கட்டி பிளாக் பண்ணிடுங்க.” வீடு தேடியும் வருவார்கள், பேச்சு இனிமையாக இருக்கும். ஒரிஜினல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் கேட்பார்கள். அவர்கள் பிடித்துத் தருவது கல்லூரியே நிரப்புகிற நிர்வாக ஒதுக்கீட்டு சீட். அதில் சேர்ந்துவிட்டால் முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடைக்காது. அவை கவுன்சலிங் வழியாகப் போகிறவர்களுக்குத்தான். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இப்படி முன்பணம் கட்டியது. பிற்பாடு கவுன்சலிங்கில் அதே கல்லூரி, அதே பிரிவு அந்தப் பையனின் கட்‌ஆஃபுக்கே கிடைத்திருக்கும் என்று தெரிந்தது. ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

சாய்ஸ் பட்டியலைத் தலைகீழாகப் போடுவது

“கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் நமக்கெல்லாம் கிடைக்காதுக்கா, கிடைக்கிறதை மேல போடுங்க” என்பார்கள். இதனால் மட்டும் எத்தனை நல்ல சீட்டுகள் கைநழுவிப் போயிருக்கின்றன! உங்கள் ரேங்க் வரும்போது, கல்லூரியும் பிரிவுமாக நீங்கள் வரிசைப்படுத்திக் கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைத் தருவார்கள். மேலே ஆசைப்பட்டதைப் போட்டுக் கிடைக்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை, அடுத்ததற்குப் போகும். கிடைக்கிற இடத்தை மேலே போட்டால், கீழே எழுதியது காலியாக இருந்தாலும் அதைத் திரும்பியே பார்க்காது. ஆசைப்பட்ட வரிசையில் போடுங்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பாகாயத்தில் தந்தை பெரியார் பெயரில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரியை வேலூர்ப் பிள்ளைகளே மறந்துவிடுகிறார்கள், அதையும் சேருங்கள்.

வி.ஐ.டி.யைக் கவுன்சலிங் பட்டியலில் தேடுவது

வராது. அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தனி நுழைவுத்தேர்வு. அதற்கு விண்ணப்பிக்க ரிசல்ட் வரை காத்திருக்கக் கூடாது.

கலைக் கல்லூரி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவது

பொறியியல் கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பொறியியல் கவுன்சலிங் ஜூலையில் தொடங்கி அதற்கப்புறமும் நீளும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மே மாதத்திலேயே ஆன்லைன் விண்ணப்பம் தொடங்கி, ஜூனில் கலந்தாய்வும் வந்துவிடும். வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் கணிதமோ இயற்பியலோ படிக்க நினைப்பவர்கள் பொறியியல் கவுன்சலிங் முடியும்வரை காத்திருந்தால் நல்ல பிரிவுகள் நிரம்பிவிட்டிருக்கும். 1898-லிருந்து நடக்கிற ஊரிசு, பெண்களுக்கான ஆக்சீலியம், டி.கே.எம். போன்ற கல்லூரிகள் தங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே தனியாக வாங்குகின்றன, அந்தத் தேதியும் வேறு. பொறியியல் ஆசை எவ்வளவு இருந்தாலும் ரிசல்ட் வந்த வாரத்திலேயே இரண்டு பக்கமும் விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்ப எண்ணையும் பாஸ்வேர்டையும் இ-சேவை அண்ணன் போனில் விட்டுவிட்டு வராமல், உங்கள் நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.