இயா பள்ளத்தாக்கு: போகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஜப்பான் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றும் எப்படியும் இருக்கும். அதற்குக் கீழே, ‘முடிந்தால் ஒரு கிராமம்’ என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரியில் இப்போது அடிக்கடி வந்து உட்காரும் பெயர் இயா. ஷிகொக்கு தீவில், தொகுஷிமா மாகாணத்தின் மேற்குக் கோடியில் கிடக்கும் மலைப் பள்ளத்தாக்கு அது. 1185-இல் முடிந்த போரில் மினமோத்தோ குலத்திடம் தோற்ற ஹெய்கே வீரர்கள் தப்பி வந்து ஒளிந்த இடம் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஒளிவதற்குத் தோதான ஊர் தேடிப் போகிறவருக்கு எப்படி இருக்கும்? இயாவில் நம் ஆட்கள் படும் பாட்டில் பாதி இதை மறந்துவிடுவதால் வருவதுதான்.

ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்புவது

வரைபடத்தைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஒக்கயாமாவில் நன்பூ விரைவு வண்டியில் ஏறினால் செத்தோ பெரும்பாலத்தில் கடலைத் தாண்டி, யொஷினோ ஆற்றை ஒட்டி ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள் ஒபொக்கே நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து, காட்டுக்கொடியால் கட்டிய புகழ்பெற்ற கொடிப்பாலத்துக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாமே?

கணக்கு உதைப்பது அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான். பஸ் நாளைக்குச் சில தடவைதான் ஓடும். கிழக்கு இயாவின் உட்பகுதிக்குப் போகும் பஸ் இன்னும் குறைவு. முதல் தடவை போனபோது எங்கோ இணையத்தில் பார்த்த பழைய அட்டவணையை நம்பி இறங்கினேன். பஸ் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஒபொக்கே நிலைய நடைமேடையில் கொடிப்பாலத்தின் குட்டி மாதிரி ஒன்று உண்டு. அடுத்த பஸ் வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தெரிந்துகொண்டது: அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், விடுமுறை நாளில் ஒன்று, வேலை நாளில் ஒன்று என்றும் இருக்கும். முதல் நாள் இரவு தங்கும் விடுதியில் கேட்டுவிடுவதே நல்லது.

பஸ்ஸில் ஏறும்போது ஒரு சின்ன எந்திரம் எண் அச்சிட்ட துண்டுச் சீட்டு ஒன்றைத் துப்பும். அதை எடுக்காமல் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ஓட்டுநரின் தலைக்கு மேலே உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது சீட்டையும் காசையும் சேர்த்துப் பெட்டியில் போட வேண்டும். பத்தாயிரம் யென் நோட்டை நீட்டினால் இருவருக்கும் சங்கடம். ஆயிரம் யென் நோட்டுகளும் சில்லறையும் கையில் இருக்கட்டும். ஜே.ஆர். ரயில் பாஸ் இந்த பஸ்ஸில் செல்லாது, இது தனியார் பஸ்.

‘ஊட்டிக்கே ஓட்டியிருக்கிறேன்’

கார் எடுப்பது உண்மையிலேயே நல்ல யோசனை. அங்கேயும் இடப்பக்கம்தான். இந்தியாவில் கொடுக்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஆனது என்பதால் ஜப்பானில் செல்லும். ஆனால் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

கொண்டை ஊசி வளைவு நமக்குப் பழக்கம்தான். பழக்கமில்லாதது, ஒரே ஒரு கார் போகும் அகலத்தில் இருபக்கப் போக்குவரத்தும் நடப்பது. பள்ளத்தாக்கின் வழியே போகும் 439-ஆம் எண் நெடுஞ்சாலையை, அந்த எண்களையே வேறு மாதிரி வாசித்து ‘யொசாகு’ என்று ஏதோ கிராமத்து ஆள் பெயர்போல ஜப்பானியர் கூப்பிடுகிறார்கள். நெடுஞ்சாலை என்ற பெயர் எப்படி அதற்கு வந்ததோ! வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துப் போகும் வழக்கம் அங்கே கிடையாது. அடிக்கச் சொல்லிப் பலகை வைத்த இடத்தில் மட்டும்தான். மற்ற இடங்களில் முனையில் நிற்கும் வட்டக் கண்ணாடியைப் பார்த்துத்தான் போக வேண்டும். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுப்பார். அதனால் பெரிய வண்டி வேண்டாம், அங்குள்ளவர்கள் ஓட்டும் சின்னக் ‘கெய்’ காரே போதும். பெட்ரோலை மலை ஏறும் முன்பே நிரப்பிவிடுங்கள். குளிர்காலத்தில் பனியில் ஓடுவதற்கான டயர் இல்லாமல் மேலே போக நினைக்கவே வேண்டாம்.

பாலத்தைப் படம் பிடித்துவிட்டுத் திரும்புவது

கொடிப்பாலத்தின் நீளம் 45 மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆற்றுக்கு மேலே 14 மீட்டர் உயரம். ஷிராகுச்சி என்னும் காட்டுக்கொடியை முறுக்கிக் கட்டியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் பிரித்துப் புதிதாகக் கட்டுவார்கள். அப்போது போனால் பார்க்க மட்டும்தான் முடியும். கொடிக்குள்ளே எஃகு வடம் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, ‘ஏமாற்று வேலை’ என்று சொல்கிறவர்கள் உண்டு. மிதிக்கட்டைகளுக்கு நடுவே கால் நுழையும் அளவு இடைவெளி, அதன் வழியே கீழே தெரியும் பச்சைத் தண்ணீர், கூடவே பின்னால் வருகிறவர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஆடும் பாலம். பாதி வழியில் நிற்கும்போது அந்த வடம் இருப்பது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. செருப்பு, குதிகால் உயர்ந்த காலணி இரண்டும் ஆகாது. போன் எடுக்கிறவர்கள் கயிறு போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், விழுந்தால் ஆற்றுக்குத்தான். போவது ஒருவழிதான், நடுவில் மனம் மாறித் திரும்ப முடியாது.

சுற்றுலா பஸ்கள் முற்பகலில் வந்து சேரும். அதற்கு முன் போனால் பாலம் கிட்டத்தட்ட உங்களுக்கே. இன்னும் ஆழமாகக் கிழக்கு இயாவுக்குள் போனால், ‘ஆண் பாலம்’, ‘பெண் பாலம்’ என்று ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு கொடிப்பாலங்கள் காட்டுக்குள் தொங்குகின்றன. நேரம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். குளிர்காலத்தில் அது மூடியிருக்கும்.

சாப்பாட்டில் செய்யும் தவறுகள்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இயாவின் சாப்பாடு புரிய வேண்டுமென்றால் முதலில் அதன் சரிவைப் பார்க்க வேண்டும். ஒச்சியாய் என்ற ஊரின் அடிவீட்டுக்கும் உச்சிவீட்டுக்கும் 390 மீட்டர் உயர வித்தியாசம். அந்தச் சரிவில் நெல் வயலுக்குத் தண்ணீர் எங்கே நிற்கும்? அதனால் பக்வீட் என்னும் தானியம், சிறுதானியம், உருளைக்கிழங்கு. மழையில் மண் வழியாமல் இருக்க மலைப்புல்லை அறுத்து, கூம்பு கூம்பாகப் போர் வைத்துக் காயவிட்டு, நிலத்தில் பரப்புகிறார்கள். இந்தச் சரிவு விவசாயத்தை 2018-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபு என்று அங்கீகரித்தது. அந்த ஊரில் போய் சுஷி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்!

இயா சொபா சாப்பிடுகிறவர்கள் சொல்லும் முதல் குறை, ‘இழை உடைந்து போகிறது, பழையது போலிருக்கிறது’ என்பது. சொபா என்பது பக்வீட் மாவில் செய்யும் நூடுல்ஸ். மற்ற ஊர்களில் இழை நீளமாக வரக் கோதுமை மாவைக் கணிசமாகச் சேர்ப்பார்கள். இயாவில் அது மிகக் குறைவு, அதனால் இழை தடித்துக் குட்டையாக, எடுத்தால் ஒடிவதாக இருக்கும். கேழ்வரகு இடியாப்பம் அரிசி இடியாப்பம் போல நீளமாக வருமா? அதே கதைதான். கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயருகே கொண்டு போய்ச் சாப்பிடுங்கள், உறிஞ்சும் சத்தம் வந்தால் தப்பில்லை. பக்வீட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். நம் ஊரில் அதைச் சாப்பிட்டே பழக்கமில்லாததால் இருப்பதே தெரியாமல் போகலாம். குழந்தைகளுக்கு முதல் தடவை கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

பக்வீட்டை மாவாக்காமல், உப்புத் தண்ணீரில் வேகவைத்து, காயவைத்து, உமி நீக்கி அரிசிபோலவும் வைத்துக்கொள்வார்கள். அதைக் காய்கறியோடு கொதிக்கவிட்டால் சொபாகொமே சோசுயி, கிட்டத்தட்ட கஞ்சி. பெயர் தெரியாததால் நம்மவர்கள் பட்டியலில் தாண்டிப் போய்விடுகிறார்கள். மலைக்குளிரில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பாலத்துக்குப் போகும் வழியில் கரி அடுப்பைச் சுற்றி மூங்கில் குச்சிகளை நட்டு வைத்திருப்பார்கள். அது தெகொமவாஷி. குட்டி உருளைக்கிழங்கு, கல் மாதிரி கெட்டியான தோஃபு (சோயாப் பால்கட்டி), கொன்யாகு மூன்றையும் ஒரே குச்சியில் குத்தி, யூசு என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் வாசம் வரும் மிசோவை, அதாவது புளிக்கவைத்த சோயா விழுதை, தடவி வாட்டுவது. ‘தெகோ’ என்றால் பொம்மலாட்டப் பொம்மை. நெருப்பில் குச்சியைத் திருப்பித் திருப்பி வாட்டுவது பொம்மையின் தலை திரும்புவது போல இருப்பதால் அந்தப் பெயர். அந்தச் சாம்பல் நிறக் கொன்யாகுவை மீனோ கறியோ என்று நினைத்து ஒதுக்குகிற சைவக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அது கிழங்கு, அதுவும் நம் சேனைக்கிழங்குக்குச் சொந்தக்காரக் கிழங்கு. பச்சையாகச் சாப்பிட்டால் சேனை போலவே அரிக்கும். நாம் புளி போடுகிறோம், அவர்கள் சுண்ணாம்பு நீரோ சாம்பல் நீரோ விட்டு அரிப்பைப் போக்கிக் கட்டியாக்குகிறார்கள்.

சைவக்காரர்கள் சறுக்கும் இடம் வேறு. ‘இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்’ என்று சொன்னால் மேலே துண்டு எதுவும் இல்லாத சொபா வந்துவிடும், ஆனால் அந்த ரசம் மீன் ரசம். அதன் அடிப்படையான தாஷி, கட்சுவோபுஷி என்ற உலர்த்திய சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை, அதே வகை மீன்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் தாஷி மீன் சாப்பாட்டில் சேராது, தண்ணீர் மாதிரி. ‘தாஷியும் வேண்டாம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொபா கடையில் கடைசி நேரத்தில் கேட்டால் வேறு வழி இருக்காது. விடுதி என்றால் முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்கள் அமெகோவை விடக்கூடாது. ஓடை மீன். ஆற்றில் நீந்துவது போல வளைத்துக் குச்சியில் குத்தி, உப்புத் தடவி, நெருப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து மெதுவாக வாட்டுவார்கள். ஹாஷியை, அதாவது சாப்பிடும் குச்சிகளை, தேடாமல் மீன் குத்திய குச்சியையே பிடித்து முதுகுப் பக்கம் கடிப்பதுதான் முறை. கூடவே ஒரு சின்னப் பச்சைப் பழத்தை வெட்டி வைத்தால் அது எலுமிச்சை அல்ல, சுதாச்சி, தொகுஷிமாவின் அடையாளம். பிழிந்துவிட்டால் உப்பு கொஞ்சம் தணியும்.

இரவுச் சாப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

இது ஒரே வரி: அப்புறம் பார்க்க எதுவும் திறந்திருக்காது. கடைகள் பலவும் மதியத்தோடு சரி. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு உள்ள அறையாகப் பதிவு செய்யுங்கள். சாப்பாடு ஆறு, ஆறரை மணிக்கு. எட்டு மணிக்குப் போய் நின்றால் அவர்கள் திட்டமாட்டார்கள், ஆனால் பத்துச் சின்னத் தட்டும் ஆறிப்போயிருக்கும். ஐந்து மணிக்குள் சேர்ந்துவிட்டால் முன்னால் ஒரு வெந்நீர்க் குளியலும் போடலாம். இயா வெந்நீரூற்று விடுதியில் குளியல் தொட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. 170 மீட்டர் பள்ளத்துக்குக் கேபிள் காரில் இறங்க வேண்டும். தண்ணீர் கொதிக்காது, வெதுவெதுப்புதான். அதில் ஏமாந்துபோக வேண்டாம், நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். இறங்கும் முன் உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும், துண்டு தண்ணீரில் படக்கூடாது.

நகோரோவைப் பேய் ஊராக்குவது

பள்ளத்தாக்கின் உள்கோடியில் நகோரோ. ஆட்கள் முப்பது பேர்கூடத் தேறாத ஊர், பொம்மைகள் அதைப்போலப் பல மடங்கு. ஒசாகாவிலிருந்து திரும்பி வந்த ட்சுகிமி அயானோ என்ற பெண்மணி வயலில் காக்கை விரட்ட ஒரு பொம்மை செய்தார். அது அவருடைய அப்பா சாயலில் இருந்தது. அப்புறம் இறந்துபோனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் என்று ஒவ்வொருவராகச் செய்து, அவரவர் இருக்கும் இடத்திலேயே வைத்தார். 2012-இல் மூடிய பள்ளிக்கூடத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் இப்போதும் இருக்கிறார்கள், துணியும் பஞ்சுமாக.

வருகிறவர்கள் அலறுவது போல நடித்து வீடியோ எடுக்கிறார்கள். பொம்மையின் தோளில் கைபோட்டுச் சாய்க்கிறார்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பதும் பொம்மைதான் என்று நினைத்து முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, அது எழுந்து உள்ளே போனதும் அசடு வழிந்தவர் ஒருவரைப் பார்த்தேன். தெருவிலிருந்து பாருங்கள், தொடாதீர்கள், சத்தம் குறைவாக இருக்கட்டும். பஸ் நேரத்தை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தத்தில் எப்போதும் நாலைந்து பேர் காத்திருப்பார்கள், அவர்களைக் கேட்டுப் பயனில்லை.