மக்காச்சோளக் குருத்து வெளுத்தால் என்ன செய்யலாம்?

விதைத்து இரண்டு மூன்று வாரத்தில் குருத்தை விரித்துப் பாருங்கள். இளம் இலையின் அடிப்பாகத்தில், நடுநரம்புக்கு இரு பக்கமும் வெள்ளைப் பட்டை ஓடியிருந்தால் அது துத்தநாகக் குறை. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் போல சுண்ணாம்பு கூடிய மண்ணில் இது சகஜம். மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. அதனால்தான் இலைவழியாகக் கொடுக்கிறோம். யூரியாவை அள்ளிப் போட்டால் இந்தப் பட்டை மாறாது, காசுதான் போகும்.

10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட் போதும். 25 கிராம் நீர்த்த சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டிச் சேருங்கள். இல்லாவிட்டால் இலை கருகும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள டிஏபி உரக் கரைசலோடு மட்டும் கலக்கவே கூடாது. துத்தநாகமும் மணிச்சத்தும் சேர்ந்து அடியில் படிந்துவிடும், நாசில் அடைக்கும். 10 நாள் கழித்து இன்னொரு முறை அடியுங்கள்.

சரி, பூக்கும் சமயத்துக்கு? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் என்ற இலைவழி ஊட்டச்சத்துக் கலவை இருக்கிறது. ஏக்கருக்கு 3 கிலோவை 200 லிட்டர் நீரில் கரைத்து, ஆண் பூ உருவாகும்போது ஒரு முறை, மணி பிடிக்கும்போது ஒரு முறை. கதிரின் நுனிவரை மணி பிடிக்க இது உதவும்.

எதை அடித்தாலும் மாலை வெயில் தணிந்த பிறகு, மண்ணில் ஈரம் இருக்கும்போது அடியுங்கள். வாடி நிற்கும் பயிர் மருந்தைத் தாங்காது.