தார் லாரி வருவதற்கு முன் பேசுவது எப்படி: பெங்களூருத் தெருச் சாலைகளுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் தங்கள் தெருவுக்குப் புதிய சாலை போடப்படுகிறது என்ற செய்தி, பெரும்பாலான குடியிருப்பாளர்களுக்குத் தார்க்கலவை ஏற்றிய லாரி வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. அப்போது திரண்டு வந்து, முதலில் சாக்கடையைச் சரிசெய்யுங்கள் என்றோ, சாலை வாசற்படியைவிட உயர்ந்துவிடும் என்றோ சொன்னால், அங்கே நிற்கும் பொறியாளரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. என்னென்ன வேலை, என்ன செலவு என்று பட்டியலிடும் மதிப்பீடு தயாராகி, ஒப்புதல் பெற்று, டெண்டர் முடிந்து, பணி ஆணையும் கொடுக்கப்பட்ட பிறகே லாரி வருகிறது. மதிப்பீட்டில் இல்லாத வேலையை ஒப்பந்தக்காரர் செய்தால் அதற்குப் பணம் வாங்குவது அவருக்குப் பெரும்பாடு. ஆகவே மாநகராட்சியோடு பேசுவது என்றால், மதிப்பீடு எழுதப்படுவதற்கு முன்பு பேசுவது என்றே கொள்ள வேண்டும். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர், லிங்கராஜபுரம் போன்ற நெருக்கமான பகுதிகளின் சந்துகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அடுக்குமாடி வளாகங்களில் சங்கமும் செயலாளரும் இருப்பதால் அவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

எந்த அலுவலகம், எந்தப் பொறியாளர்

2007-ஆம் ஆண்டில் உருவான பி.பி.எம்.பி. என்ற ஒற்றை மாநகராட்சி இப்போது இல்லை. 2024-ஆம் ஆண்டின் பெரும் பெங்களூரு ஆளுகைச் சட்டத்தின்படி, 2025 செப்டம்பர் 2 அன்று மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் அமைக்கப்பட்டன. அவற்றுக்கு மேலே, முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட பெரும் பெங்களூரு ஆணையம் இருக்கிறது. வார்டுகளும் 369 ஆகப் புதிதாகப் பிரிக்கப்பட்டன. பழைய சொத்து வரி ரசீதில் உள்ள வார்டு எண்ணை நம்பி மனு எழுதினால், அது தவறான மேசையில் போய் உறங்கும். எனவே மனு எழுதுவதற்கு முன்பு உங்கள் தெரு எந்த மாநகராட்சியில், எந்தப் புதிய வார்டில், எந்த உட்கோட்டத்தில் வருகிறது என்பதை வார்டு அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

வார்டு அளவில் உதவிப் பொறியாளரும், அவருக்கு மேலே உட்கோட்டத்துக்கு உதவிச் செயற்பொறியாளரும், கோட்டத்துக்குச் செயற்பொறியாளரும் இருப்பார்கள். தெருச் சாலையின் மதிப்பீடு பெரும்பாலும் உதவிப் பொறியாளரின் மேசையில்தான் பிறக்கிறது. ஆணையருக்கு நேரடியாக மனு கொடுப்பது பெருமையாகத் தோன்றலாம். ஆனால் அந்த மனுவும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் இதே உதவிப் பொறியாளரிடம்தான் வந்து சேரும், அதுவும் அவரைத் தாண்டிப் போனவர்களின் மனுவாக வந்து சேரும். முதலில் அவரிடம் பேசி, நியாயமான கால அவகாசம் கொடுத்து, பிறகு மேலே செல்வதே பயன் தரும்.

தெருவில் தெரியும் குறைகள் எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பும் அல்ல. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் 1964-இல் அமைக்கப்பட்ட குடிநீர் வடிகால் வாரியத்தைச் சேர்ந்தவை. மின்மாற்றியும் மின்கம்பியும் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுடையவை. ஒருவழிப் பாதையும் வாகனம் நிறுத்தத் தடையும் போக்குவரத்துக் காவல்துறையைச் சேர்ந்தவை. ராஜகாலுவை என்று எல்லோரும் அழைக்கும் பெரிய மழைநீர்க் கால்வாய்களுக்குத் தனிப் பொறியாளர்கள் உண்டு. அல்சூர் ஏரியை ஒட்டிய பகுதிகளில் ராணுவத்துக்குச் சொந்தமான சாலைகளும் இருப்பதால், அங்கே மாநகராட்சி கை வைக்க முடியாது. ஒரு பள்ளம், எரியாத தெருவிளக்கு போன்ற உடனடிக் குறைகளுக்கு மாநகராட்சியின் 1533 எண்ணும், சாக்கடை அடைப்புக்கு வாரியத்தின் 1916 எண்ணும், மின்சாரத்துக்கு 1912 எண்ணும் போதும். புகார் எண்ணை மட்டும் மறக்காமல் குறித்துவைக்க வேண்டும், ஏனெனில் ஒரே பள்ளத்துக்குப் பலமுறை புகார் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதே, ஒட்டுப்போடுவது போதாது, முழுச் சாலையும் வேண்டும் என்ற வாதத்துக்கு வலுவான சான்றாகும்.

மாமன்ற உறுப்பினர் இல்லாத காலமும் வார்டுக் குழுவும்

முந்தைய மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தது. அதன்பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்நகரத்தில் மாமன்ற உறுப்பினர்களே இல்லாமல் அதிகாரிகளின் நிர்வாகம் நடந்தது. அந்த இடைவெளியில் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகமே தெருச் சாலைகளுக்கும் வாசலாக மாறியது. அங்கே மனு கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அவருடைய பரிந்துரைக் கடிதம் பணம் ஒதுக்குவதற்கு உதவுமே தவிர, மதிப்பீட்டில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்காது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் இருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243-எஸ் பிரிவு. உங்கள் வார்டில் குழுக் கூட்டம் நடந்தால், வெறுமனே போய் உட்கார்ந்து குறை சொல்லாமல், கூட்டத்துக்கு முன்பே உங்கள் தெருவின் பெயரைப் பொருள் நிரலில் சேர்க்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். குறிப்பில் ஏறாத வாக்குறுதியைப் பிறகு யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

முதலில் தெருவுக்குள் பேசி முடியுங்கள்

இதுதான் பலரும் தாண்டிச் செல்லும் கட்டம். பொறியாளர் தெருவுக்கு வந்தவுடன் காரியம் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இதனால்தான். வீட்டுப் படிக்கட்டும், ஸ்கூட்டர் ஏற்றும் சாய்தளமும், துணி துவைக்கும் கல்லும் சாக்கடைக்கு மேல் நீண்டிருக்கும் தெருவில், மழைநீர் ஓடவில்லை என்று புகார் சொன்னால், அவர் முதலில் சுட்டிக்காட்டுவது அந்தப் படிக்கட்டைத்தான். எதை அகற்றுவது, எதைக் கழற்றி மாட்டக்கூடிய இரும்புத் தட்டாக மாற்றுவது என்பதை வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால், பேச்சின் தொனியே மாறிவிடும்.

கூட்டத்துக்கு வீட்டு உரிமையாளர்களை மட்டும் அழைப்பது பெருந்தவறு. வாடகைக்கு இருப்பவர்களும் அதே தண்ணீரில்தான் நடக்கிறார்கள். முனையில் கடை வைத்திருப்பவர், ஆட்டோ நிறுத்துபவர், தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர் ஆகியோரை விட்டுவிட்டு எடுக்கும் முடிவு, வேலை தொடங்கும் நாளில் தகராறாக முடியும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் மையச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது என்பதால், அவர்களை அகற்றச் சொல்லும் மனு சட்டப்படியும் எளிதில் நிற்காது. வேகத்தடை வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு நிச்சயம் வரும். குழந்தைகள் உள்ள வீட்டார் கேட்பார்கள், முதுகுவலிக்காரர்கள் எதிர்ப்பார்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதல்படி வட்ட வடிவ வேகத்தடை சுமார் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. தெருக்காரர்கள் தாங்களே சிமெண்டில் கட்டிவிடும் குறுகிய மேடு அந்த வகையில் சேராது. இதைச் சொன்னாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

மனுவில் என்ன இருக்க வேண்டும்

சாலை மிகவும் மோசமாக உள்ளது, உடனடி நடவடிக்கை தேவை என்று எழுதப்பட்ட மனுவை வைத்துப் பொறியாளர் எதையும் கணக்கிட முடியாது. தெருவின் நீளத்தையும், தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அதன் அகலத்தையும் அளந்து எழுத வேண்டும். மழை பெய்து முடிந்தவுடன் எந்தெந்த வீட்டுக்கு முன்னால் தண்ணீர் தேங்குகிறது என்பதைப் படம் எடுத்து, அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணோடு குறிக்க வேண்டும். தாழ்வான வீடுகளின் வாசற்படி சாலைக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்பதையும் பட்டியலிடுவது மிக முக்கியம். மேல்தளத் தார்ப்படலம் ஒவ்வொரு முறையும் 30 முதல் 50 மில்லிமீட்டர் வரை போடப்படுகிறது. பழையதைச் சுரண்டி எடுக்காமல் மூன்று முறை போட்டால் சாலை 9 முதல் 15 சென்டிமீட்டர் வரை உயர்ந்துவிடும், ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிச் சென்ற வீட்டுக்குள் இப்போது இறங்கிச் செல்ல வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. ஆகவே பழைய படலத்தை இயந்திரத்தால் சுரண்டும் மில்லிங் பணி மதிப்பீட்டில் தனி இனமாக இருக்க வேண்டும் என்று மனுவிலேயே கேட்க வேண்டும். அதோடு சாக்கடையில் வண்டல் அகற்றுவது, பாதாளச் சாக்கடை மூடிகளைப் புதிய மட்டத்துக்குச் சரிசெய்வது, நடைபாதைக்கு இடம் இருந்தால் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் விடுவது ஆகியவற்றையும் சேர்க்கலாம். குறுகிய சந்தில் இந்த 1.8 மீட்டரைக் கேட்டுப் பயனில்லை. அங்கே நடைபாதையை விட்டுவிட்டு வடிகாலை வலியுறுத்துவதே விவேகம்.

மனுவைக் கன்னடத்தில் கொடுக்க வேண்டும். ஆட்சிமொழி அதுவே என்பது ஒரு காரணம். கோப்பில் அது மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் நகரும் என்பது இன்னொன்று. சரளமாகக் கன்னடம் பேசும் தமிழ்ப் பெரியவர்கள் பலருக்கு எழுதத் தெரியாது. ஆனால் வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தெரியும். கன்னடம், உருது, தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரும் கையெழுத்திட வேண்டும், மனுவும் தெருவின் பெயரிலேயே செல்ல வேண்டும். இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் உள்வரவு எண்ணும் தேதியும் பெற்றுத் திரும்ப வேண்டும். கையில் கொடுத்துவிட்டு வந்தேன் என்பதற்கு அலுவலகத்தில் மதிப்பில்லை.

காலத்தைப் பொறுத்தவரை, நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குவதால், வரவுசெலவுத் திட்டத்துக்கான பணிப்பட்டியல் தயாராகும் முன், அதாவது அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே மனு உள்ளே இருக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மழையில் எடுத்த படங்கள் அதற்குச் சரியாக உதவும்.

கூட்டுப் பார்வை

மனு ஏற்கப்படும் நிலைக்கு வந்ததும் கேட்க வேண்டியது கூட்டுப் பார்வை, அதாவது உதவிப் பொறியாளரும் குடிநீர் வாரியத்தின் உள்ளூர்ப் பொறியாளரும் பெஸ்காம் ஊழியரும் ஒரே நாளில் தெருவை நடந்து பார்ப்பது. புதிய சாலை போட்ட சில வாரங்களில் அதை வெட்டும் அவலத்தைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. பழைய குழாய் மாற்றப்பட வேண்டுமா, புதிய வீட்டு இணைப்புக்கு விண்ணப்பித்தவர் யார், கேபிள் நிறுவனம் எதற்கேனும் சாலை வெட்ட அனுமதி கேட்டிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அன்றே பதில் வாங்க வேண்டும். முதலில் குழாய், பிறகு வீட்டு இணைப்பு, கேபிள்களுக்கான குறுக்குக் குழாய், வடிகால், இவை எல்லாம் முடிந்த பின்னரே தார் என்ற வரிசையை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். தெருவில் புதிதாக வீடு கட்டுபவர் இருந்தால் அவரையும் அன்று நிறுத்திவைத்து, இணைப்பை முன்னதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பல சாலைகளை வெட்டுவது அரசுத் துறை அல்ல, நம் பக்கத்து வீட்டார்தான்.

அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தையும், அல்சூர்ப் பக்கத்தில் பல்லக்குகள் வரும் சித்திரை நாட்களையும் அன்றே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் தேதி தெரிந்தால் ஒப்பந்தக்காரர் அதற்கேற்பத் திட்டமிடுவார். பார்வை முடிந்த அன்று மாலையே, யார் என்ன ஒப்புக்கொண்டார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, மூன்று அலுவலகங்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும்.

வேலை நடக்கும்போதும் அதன் பிறகும்

பணி நடக்கையில் தொழிலாளர்களோடு வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. அவர்கள் சொன்னதைச் செய்பவர்கள். பார்க்க வேண்டியவை சில மட்டுமே: மில்லிங் உண்மையில் நடந்ததா, ஈரமான தரைமேல் கலவை கொட்டப்படுகிறதா, ஆவி அடங்கிக் குளிர்ந்துபோன கலவை விரிக்கப்படுகிறதா, மூடிகள் தாருக்கு அடியில் புதைந்தனவா என்பவை. தேதி தெரியும்படி படம் எடுத்து உதவிப் பொறியாளருக்கு அன்றே அனுப்பினால், செய்த வேலையின் அளவுகள் அளவைப் புத்தகத்தில் பதியப்படும் முன் அவர் தலையிட முடியும்.

முடிந்த பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மதிப்பீடு, பணி ஆணை, அளவைப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றைக் கேட்கலாம். கர்நாடக விதிகளின்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருளைப் பற்றி, 150 சொற்களுக்குள் கேட்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். சட்டத்தின் 2(ஜே) பிரிவு ஆவணங்களோடு நின்றுவிடாமல், பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் பெயரும் சாலையை ஒப்பந்தக்காரர் தம் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலம் முடிந்து அவருடைய பிணைத்தொகை விடுவிக்கப்பட்டுவிட்டால், அதே பள்ளத்துக்கு மாநகராட்சி புதிய மதிப்பீடு எழுத வேண்டியிருக்கும், நீங்களும் அக்டோபர் மனுவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே காலம் முடிய மூன்று மாதங்களுக்கு முன்பே தெருவை மறுபடி நடந்து, பெயர்ந்த இடங்களையும் தண்ணீர் தேங்கும் இடங்களையும் மின்கம்ப எண்களோடு பட்டியலிட்டு, பணி எண்ணைக் குறிப்பிட்டு, பிணைத்தொகையை விடுவிக்கும் முன் இவற்றைச் சரிசெய்விக்கும்படி செயற்பொறியாளருக்குக் கன்னடத்தில் எழுதி, முத்திரை பெற்ற நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.