குறைந்த செலவு பிக் அண்ட் பிளேஸ் ரோபோ: பெட்டி நழுவுவது எதனால்?

எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகம் வாங்கி, பீன்யா பட்டறையில் இரும்பு வெட்டி, கிடங்கில் பெட்டியை எடுத்து வேறிடத்தில் வைக்கும் (பிக் அண்ட் பிளேஸ்) ரோபோ செய்யும் நம் பிள்ளைகள் பெங்களூரில் நிறையப் பேர். ஒயர் மாறிப்போவது, ஸ்க்ரூ லூசாவது எல்லாம் அவர்களே ஒரு நாளில் சரிசெய்துவிடுவார்கள். அவை இங்கே வேண்டாம். பெட்டியை நழுவவிடும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

அக்ரிலிக் தகட்டில் சோதிப்பது

அதிகம் பணம் தின்பது இதுதான். ஒவ்வொரு புது அணியும் இதையே செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

கணக்கு இப்படிப் போகும்: காற்றை உறிஞ்சிப் பெட்டியைப் பிடிக்கும் 40 மி.மீ. சக்‌ஷன் கப்பின் பரப்பு சுமார் 12.5 ச.செ.மீ. 60 கிலோபாஸ்கல் வெற்றிடத்தில் (வெளிக்காற்றைவிட அவ்வளவு குறைந்த அழுத்தத்தில்) ஒரு கப் 75 நியூட்டன் இழுக்கும். நான்கு கப்புக்கு 300, அதாவது சுமார் 30 கிலோ. பெட்டி 5 கிலோதானே! 12 வோல்ட் டயாபிரம் பம்பை (சின்ன உறிஞ்சு பம்ப்) மாட்டி அக்ரிலிக் தகட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். பிறகு ஹொஸ்கோட்டே கிடங்கில் பெட்டி விழும்.

அக்ரிலிக் காற்றை விடாது; பெட்டியின் அட்டை காற்றை உள்ளே விடும். சின்ன பம்ப் நிமிடத்துக்குச் சில லிட்டரே உறிஞ்சும். கசிவு மிஞ்சினால் வெற்றிடம் 10 கிலோபாஸ்கலுக்கே இறங்கிவிடலாம். அப்போது நான்கு கப்பும் சேர்ந்து 50 நியூட்டன்தான். அதே பெட்டியை 5 மீ/வி² முடுக்கத்தில் தூக்க 74 நியூட்டன் வேண்டும். ரோபோ கையின் ஆட்டம்தான் காரணம் என்று ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றி, விலை கூடிய சர்வோ மோட்டார் வாங்குகிறார்கள். பட்ஜெட் அங்கேதான் போகிறது.

அட்டைக்கு வேண்டியது ஆழ்ந்த வெற்றிடம் அல்ல, காற்றோட்டம். சைடு சேனல் புளோயர் (நிறையக் காற்றை இழுக்கும் இயந்திரம்) 15 கிலோபாஸ்கல் கொடுத்தாலே போதும். இருமடங்கு பாதுகாப்பு வைத்தால் 148 நியூட்டன். அதற்கு 10க்கு 10 செ.மீ. ஃபோம் பேட் சரியாக வரும். குழாய் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 6 மி.மீ. டியூபை மாட்டினால் புளோயர் வீண். வேக்கும் கிளீனர் மோட்டார் என்றால் பைபாஸ் வகைதான் (மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்று வரும்). மற்றது வாய் அடைபட்டதும் சூடேறி எரியும்.

மழையில் நமத்தது, டேப் ஒட்டியது, மூடி உப்பியது என்று மோசமான பெட்டிகளாகக் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். வெற்றிடத்தை அளக்கும் கேஜை பம்ப் பக்கத்தில் வைக்காமல் கப்புக்கு அருகில் வையுங்கள்.

சென்னைக் கணக்கை இங்கே போடுவது

சென்னை கடல் மட்டத்தில், பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தமே சுமார் 91 கிலோபாஸ்கல். அதே பம்ப் எட்டும் வெற்றிடம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும்.

எல்லாக் கப்புக்கும் ஒரே குழாய்

பிளாஸ்டிக் டப்பாவின் விளிம்பை ஒரு கப் தாண்டி நின்றால் நான்குமே கைவிடும். ஒவ்வொன்றுக்கும், காற்று அதிகமாகப் பாய்ந்தால் தானே மூடிக்கொள்ளும் தனி வால்வு போடுங்கள்.

எமர்ஜென்சி ஸ்டாப்

அதை அழுத்தினால் கையை நகர்த்தும் மோட்டார் நிற்கட்டும். வெற்றிடம் நிற்கக் கூடாது.

செங்குத்து அச்சு

கரண்ட் போனால் கையை மேலும் கீழும் நகர்த்தும் ஸ்டெப்பர் பிடி விட்டுவிடும். பிரேக் இல்லாமல் கிடங்குக்கு அனுப்பாதீர்கள்.