ஊர் வீட்டில் சித்திரை வருசம்: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

கல்யாணம் முடித்து முதல் வருசமா? கனகாலம் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் வீட்டில் கொண்டாடப் போகிறீர்களா? தம்பலகாமம், மூதூர், சம்பூர் என்று திருகோணமலைப் பக்கத்துக் கிராமம் எதுவானாலும் கீழே உள்ளபடி செய்யலாம். வீட்டுக்கு வீடு வழக்கம் கொஞ்சம் மாறும். அம்மம்மா வேறு மாதிரிச் சொன்னால் அம்மம்மா சொல்வதே சரி.

1. முதலில் நேரம்

ஏப்ரல் 13, 14 விடுமுறை நாட்கள். ஆனால் சடங்குகள் தேதியைப் பார்த்து நடப்பதில்லை. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நேரத்தைப் பார்த்துத்தான். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் இருக்கிறது, இரண்டிலும் நேரம் வேறு. உங்கள் வீட்டில் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டு, அதில் உள்ள நேரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முழுகுமுன் தலையில் வைக்கும் மருத்துநீருக்கு ஒன்று, மூத்தவர் காசு கொடுக்கும் கைவிசேஷத்துக்கு மற்றது என்று கலந்தால் நல்ல நாளில் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

வருசம் பிறப்பதற்கு முன் 4 மணித்தியாலம், பின் 4 மணித்தியாலம் விஷு புண்ணியகாலம். அதிகாலை 2 மணிக்குப் பிறக்கிறது என்றால் முதல் நாள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை. மருத்துநீர் வைத்து முழுகுவதை இதற்குள் முடிக்க வேண்டும்.

2. முதல் நாள் வேலை

வீடு கழுவி, முற்றம் கூட்டி, மாவிலைத் தோரணம் கட்டுங்கள். முறுக்கு, பயற்றம் உருண்டை எல்லாம் சில நாள் முந்தியே செய்து டின்னில் போட்டுவிடலாம். பின்னேரம் மறக்காமல் ஒரு போத்தலோடு கோயிலுக்குப் போய் மருத்துநீர் வாங்கி வாருங்கள். தாழம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, பால் என்று பலதும் போட்டுக் காய்ச்சுவது அது. வீட்டிலேயே காய்ச்சலாம்தான், முதல் வருசம் அந்தப் பாடு வேண்டாம்.

3. மருத்துநீர்

தலையில் எந்த இலை, காலின் கீழே எந்த இலை, உடுப்பு என்ன நிறம் என்பதெல்லாம் பஞ்சாங்கத்தில் இருக்கும். கிழக்குப் பார்த்து நிற்க வைத்து மூத்தவர் எல்லோருக்கும் தலையில் வைத்துவிடுவார். கண்ணை இறுக்கி மூடுங்கள், மிளகு எரியும். அப்புறம் முழுக்கு, புது உடுப்பு.

4. பொங்கல்

முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, நிறைகுடமும் குத்துவிளக்கும் வையுங்கள். சித்திரை வெயில் ஏறிவிட்டால் அடுப்படியில் நிற்க முடியாது, விடியவே மூட்டுவது நல்லது. பெரும்போக வெள்ளாமை வெட்டி அதிக நாள் ஆகியிருக்காது. புது அரிசி கிடைத்தால் அதிலேயே பொங்குங்கள்.

2 சுண்டு (அரிசி அளக்கும் சின்னப் பேணி) பச்சை அரிசிக்குக் கால் சுண்டு வறுத்த பயறு, 400 கிராம் சர்க்கரை, பெரிய தேங்காய் ஒன்று. கட்டிப்பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சப் பாலைத் தண்ணீரோடு பானையில் விட்டுக் கொதிக்க விடுங்கள். பொங்கி வழிந்ததும் வீட்டுப் பெரியவர் மூன்று தரம் அரிசியை அள்ளிப் போடுவார்; அதற்குப் பிறகு மிச்ச அரிசியும் பயறும். அரிசியை விரலால் நசுக்கிப் பாருங்கள்: நடுவில் வெள்ளைக் குருணி தெரியாமல் மசிந்த பிறகுதான் சர்க்கரை. அவசரப்பட்டுப் போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, பல்லில் கடிபடும். சர்க்கரையில் மண் இருக்கும், கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்து ஊற்றுங்கள். கடைசியில் கட்டிப்பால், ஏலக்காய், கஜு, முந்திரிகை வற்றல். அடிப்பிடிக்கும், கிளறுவதை விடாதீர்கள். தலைவாழை இலையில் படைத்து, பழமும் தேங்காயும் வைத்துச் சூரியனுக்குக் கற்பூரம் காட்டுங்கள்.

5. கைவிசேஷம்

இதற்கும் நேரம் உண்டு. வெற்றிலையில் கொஞ்ச நெல், பூ, காசு வைத்து மூத்தவர் கொடுப்பார். காலில் விழுந்து கும்பிட்டு இரண்டு கையாலும் வாங்க வேண்டும். புதுத் தாள்களை முன்கூட்டியே வங்கியில் மாற்றி வையுங்கள். 50 ரூபாயோ 100 ரூபாயோ போதும். ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டி மற்ற மாமா, சித்தப்பாமாருக்குச் சங்கடம் கொடுக்காதீர்கள்.

6. பிறகு

கோயில், சொந்தக்காரர் வீடு, பிள்ளைகளுக்கு மரத்தில் ஊஞ்சல். அன்றைக்கு மரக்கறிச் சாப்பாடு. பக்கத்து முஸ்லிம் வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போக வேண்டும், பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வந்திருக்கும் அல்லவா. மறுநாள் மச்சம் சமைக்கலாம். கோழிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அதே கறிதான்.