கொடைக்கு வருமுன் பி.ஆர். கார்டைப் பாருங்கள்

கனடாவிலிருந்து சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிளம்புகிறவர்கள், டிக்கெட் போடுமுன் பி.ஆர். கார்டின், அதாவது கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கான அட்டையின், காலாவதித் தேதியைப் பார்த்துவிடுங்கள். ஒன்பது மாதத்துக்கும் குறைவாக இருந்தால் அங்கிருந்தே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள், கட்டணம் 50 டாலர். பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விண்ணப்பம் போட முடியாது, புதுக் கார்டை இங்கே அனுப்பவும் மாட்டார்கள்.

நாள் கணக்குதான் பெரிய வேலை. கடந்த 5 வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும், விட்டு விட்டு இருந்தாலும் சரி. நான் பாஸ்போர்ட்டில் மங்கிப்போன முத்திரைகளை டார்ச் அடித்துப் பார்த்து, பழைய டிக்கெட் மெயில்களோடு ஒப்பிட்டு, அல்வா டப்பா மூடியில் எழுதிக் கூட்டினேன்.

ஊரில் இருக்கும்போதே காலாவதியாகிவிட்டதா? பி.ஆர். அந்தஸ்து அதனால் போய்விடாது, ஆனால் விமானம் ஏறத் தனிப் பயண ஆவணம் வாங்க வேண்டும். அப்புறம் கொடை முடிந்தும் ஊரிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான்.