பார்க்ல பனிக்காலப் பறவை பாக்க: பைனாகுலர் செட் பண்ணுறதுல இருந்து

ஐப்பசி மழை ரெண்டு தடவை நல்லா அடிச்சு ஓஞ்சாச்சுன்னா, பாளையங்கோட்டையில எங்க வீட்டுப் பக்கத்துப் பார்க்ல மரத்துக்கு மரம் புது ஆள் வந்து உக்காந்திருக்கும். இமயமலைப் பக்கம் இருந்து, அதுக்கும் வடக்க இருந்தெல்லாம் வந்து பங்குனி வரைக்கும் இங்கனதான் இருக்கும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரித்தலை வாத்து பாக்கக் கார் பிடிச்சுப் போறோம், நல்லதுதான், ஆனா தெருமுனை வேப்பமரத்துல ஒரு குருவி அவ்வளவு தூரம் பறந்து வந்து பூச்சி பிடிக்கிறதை நிறைய பேரு பாக்காமலே அதுக்கு அடியில வாக்கிங் போயிட்டிருக்காங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுதேன்.

மார்கழி, தையில நமக்கு விடிய ஆறரை ஆயிரும். ஆறே காலுக்கு உள்ள நிக்கணும், எட்டு மணியோட முடிச்சிரலாம். பளிச்சுன்னு வெள்ளைச் சட்டை வேண்டாம். அவ்வளவுதான்.

பைனாகுலர் 8×42 வாங்குங்க. முத நம்பர் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்ங்கிறது, ரெண்டாவது முன்பக்க லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. கடையில 10×50 எடுத்து நீட்டுவாங்க, பார்க்குக்கு அது வேண்டாம், கனம் ஜாஸ்தி, கை லேசா ஆடுனாலும் பத்து மடங்கா ஆடும், தெரியுத வட்டமும் சின்னதா இருக்கும், இலைக்குள்ள தாவுத குருவியைப் பிடிக்கவே முடியாது. நயினார்குளம் மாதிரி குளத்துக் கரையில நின்னு தூரத்து வாத்தைப் பாக்கிறதுக்கு வேணா அது சரி.

இப்ப நான் ஒரு பனிக்காலம் முழுக்க மாட்டிக்கிட்ட இடத்துக்கு வாரேன். புது பைனாகுலர்ல எதைப் பாத்தாலும் ஒரு மாதிரி மங்கலாவே இருந்துச்சு, அரை மணி நேரத்துல நெத்தி வலி வந்துரும், லென்ஸ்தான் சரியில்லன்னு வாங்குன கடைக்கே கொண்டு போனேன், அவங்களும் துடைச்சுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. விஷயம் என்னன்னா நம்ம ரெண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே அளவுல இருக்காது. அதைச் சமன் பண்ணத்தான் டயாப்டர்னு ஒரு வளையம் வச்சிருக்காங்க, பெரும்பாலும் வலது கண்ணு வைக்கிற இடத்துல இருக்கும், பிளஸ் மைனஸ்னு குறி போட்டிருக்கும்.

மொதல்ல ரெண்டு குழாயையும் மடக்கி விரிச்சு ஒரே வட்டமாத் தெரியுற மாதிரி வைங்க. இருபது முப்பது மீட்டர் தள்ளி அசையாத ஒண்ணைப் பாருங்க, நான் பார்க் போர்டுல இருக்க எழுத்தைப் பாப்பேன். வலது கண்ணை மூடிக்கிட்டு, நடுவுல இருக்க சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்து வெட்டுன மாதிரி தெரிய வைங்க. அப்புறம் இடது கண்ணை மூடுங்க. இப்ப நடுச் சக்கரத்தைத் தொடவே கூடாது, வலது பக்க வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்க. ரெண்டு கண்ணையும் திறந்தா எழுத்து அப்படியே முன்னால வந்து நிக்கும். வளையம் எந்தக் குறியில இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கிடுங்க, வேற யாராவது வாங்கிப் பாத்துட்டுக் குடுத்தாங்கன்னா மாறியிருக்கும். அதுக்கப்புறம் நடுச் சக்கரம் மட்டும்தான் வேலை.

குருவியைக் கண்டதும் குனிஞ்சு பைனாகுலரைத் தேடாதீங்க. கண்ணு குருவி மேலயே இருக்கட்டும், கையை மட்டும் தூக்கிக் கண்ணுல வைங்க.

சுத்தி வர வேண்டாம், ஒரு நல்ல மரத்துக்கு அடியில இருபது நிமிஷம் நில்லுங்க, காதைக் குடுங்க. மேல இலைக்குள்ள "ச்சிவீ"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா அது பச்சைக் கதிர்க்குருவி. பத்து கிராம் கூட இருக்காது. கீழ புதர்ல நாக்கைத் தட்டுன மாதிரி "டக், டக்"னா பிளைத் நாணல் கதிர்க்குருவி. புதுசாப் பாக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும், சத்தமும் நிக்குத உயரமும் வச்சுப் பிரிக்கிறது லேசு. புதர் உச்சியில கண்ணுக்குக் கருப்புப் பட்டை கட்டிக்கிட்டு தனியா உக்காந்திருந்தா பழுப்புக் கீச்சான்.

சத்தத்தைக் கேட்டு எந்தப் பறவைன்னு சொல்லுத மெர்லின் நல்ல ஆப்தான், அதுல இந்தியப் பறவைகளுக்கான தகவல் பேக்கை வீட்டுலயே இறக்கி வச்சுக்கோங்க. ஆனா மொத அரை மணி நேரம் அதைத் திறக்காதீங்க, அது பேரைச் சொல்லிட்டா நம்ம காது வேலை செய்யாது. குருவிச் சத்தத்தைப் போன்ல போட்டுக் கூப்பிடுறது மட்டும் வேண்டவே வேண்டாம், இரை தேடுத நேரத்துல எதிரி வந்துட்டான்னு நெனச்சு அலையும்.

பாத்ததை, பறவைக் கணக்கைப் பதிஞ்சு வைக்கிற ஈபேர்ட் தளத்துல ஏத்துங்க. தைப்பொங்கல் சமயத்துல நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015-ல இருந்து நடக்குது, குறைஞ்சது 15 நிமிஷம் பாத்து எண்ணி லிஸ்ட் போட்டா போதும்.

பின்னால சேத்தது: கண்ணாடி போடுறவங்களுக்கு ஓரமெல்லாம் கருப்பா தெரியுதுன்னு ரெண்டு பேரு கேட்டிருந்தீங்க. கண்ணு வைக்கிற ரப்பர் கப்பை முழுசாத் திருகி உள்ள இறக்கிருங்க, சரியாயிரும். குருவி வெறும் கருப்பு உருவமாத் தெரியுதுன்னு இன்னொருத்தர் சொன்னாங்க, காலையில கிழக்க பாத்து நின்னா அப்படித்தான், வெயில் முதுகுல படணும்.

இன்னொண்ணு, ஆறுமணிக்குருவி. காலையில ஆறு மணி, சாயந்திரம் ஆறு மணிக்கு ரெண்டு இழுப்பு விசில் அடிக்கும், அதான் அந்தப் பேரு. இது மரத்துல இரை தேடாது, தரையில சருகைப் புரட்டிப் புழு திங்கும். எங்க பார்க்ல தினம் சருகைக் கூட்டி எரிச்சுருவாங்க, அதனால விசில் ரெண்டு நாள் கேக்கும், அப்புறம் போயிரும். போன வருஷம் கூட்டுத அக்காட்ட வேலியோரப் புங்க மரத்தடியை மட்டும் விட்டுருங்கன்னு கேட்டேன். விட்டாங்க. மூணாம் வாரம் அந்தச் சருகுக்குள்ள ஒரு இலை தானா எழும்பி விழுந்துச்சு, பின்னாலயே பச்சை முதுகும் அடிவயித்துச் செகப்பும். மாசி கடைசி வரைக்கும் அங்கனயே கெடந்துச்சு. இந்த வருஷம் நான் போறதுக்கு முன்னாலயே அக்கா கேட்டுல நின்னு, "தம்பி, ஒங்க குருவி வந்துட்டு"ன்னாங்க.